எக்ஸிலிருந்து புளூஸ்கைக்கு: உறவுகளைத் தொலைக்காமல் இடம் மாறும் வழிகாட்டி

என்னிடம் ஒரு பழைய ஹார்டு டிஸ்க் இருக்கிறது. எங்கள் ஊர் ஏரிக்கரையில் பல ஆண்டுகள் எடுத்த பறவைப் படங்கள் அதில் பத்திரமாக இருக்கின்றன. அந்தக் காலத்தில் நான் எழுதிவந்த சமூகத் தளம் மூடப்படுகிறது என்று அறிவிப்பு வந்ததும், ஓர் இரவு முழுக்க உட்கார்ந்து படங்களை எல்லாம் இறக்கிக்கொண்டேன். ஆனால் ஒவ்வொரு படத்தின் கீழும் யாழ்ப்பாணத்துப் பெரியவர் ஒருவர் குறிப்பு எழுதுவார். நான் செம்போத்து என்று எழுதினால் "எங்கட பக்கம் இது செண்பகம், தம்பி" என்பார். தவிட்டுக்குருவியைப் புலுனி என்பார். அது எந்த மரத்தில் கூடு கட்டும், அவருடைய அம்மா அதைப் பற்றி என்ன சொல்வார் என்று நாலு வரி சேர்ப்பார். அவற்றில் ஒரு வரியைக்கூட நான் எடுத்து வைக்கவில்லை. அவருடைய மின்னஞ்சலையும் கேட்டு வைக்கவில்லை. தளம் மூடப்பட்டது, அவரோடு இருந்த தொடர்பும் அன்றோடு போயிற்று.

இரண்டாவது முறை இடம் மாறியபோது இதை நினைவில் வைத்துத்தான் ஒவ்வொரு வேலையையும் செய்தேன். நான் மாறியது எக்ஸிலிருந்து, அதாவது பழைய ட்விட்டரிலிருந்து, புளூஸ்கைக்கு. அதுவும் எக்ஸைப் போலவே சிறு பதிவுகள் எழுதும் சமூகத் தளம்தான். மூன்று மாதம் பிடித்தது. உங்களுக்கும் அவ்வளவு காலம் ஆகலாம். ஒரே நாளில் முடிக்க நினைத்தால் பாதிப் பேரை வழியில் விட்டுவிடுவீர்கள்.

கிளம்பும் முன்

ஈலான் மஸ்க் 2022 அக்டோபர் 27 அன்று 4,400 கோடி டாலருக்கு ட்விட்டரை வாங்கி முடித்தார். 2023 ஜூலையில் அது எக்ஸ் ஆனது. 2024 நவம்பரில் ஒரே மாதத்தில் பல மாற்றங்கள் வந்தன. நாம் தடை செய்தவர்களும் நம்முடைய பொதுப் பதிவுகளைப் பார்க்க முடியும் என்றானது. பதிவுகளைச் செயற்கை நுண்ணறிவுப் பயிற்சிக்குப் பயன்படுத்த இடம் தரும் புதிய விதிமுறைகள் 15ஆம் தேதி நடைமுறைக்கு வந்தன. அதற்கு இரண்டு நாள் முன்பு இங்கிலாந்தின் கார்டியன் நாளிதழ் அங்கே இனிப் பதிவிடப்போவதில்லை என்று அறிவித்தது. அந்த நாட்களில் புளூஸ்கையில் நாளொன்றுக்குப் பத்து லட்சம் பேர்வரை சேர்ந்தார்கள். நவம்பர் 19 அன்று அதன் பயனர் எண்ணிக்கை 2 கோடியைத் தாண்டியது.

இதைப் பார்த்து எல்லோரும் போய்விட்டார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். தமிழில் சினிமா, கிரிக்கெட், கட்சி அரசியல் பேசும் பெருங்கூட்டம் எக்ஸில்தான் இருக்கிறது. உங்களுக்கு அதுதான் வேண்டும் என்றால் மாறவே வேண்டியதில்லை. அறிவியல், இதழியல், ஓவியம், நிரலாக்கம், இயற்கை போன்ற துறைகளில் இருப்பவர்களுக்கு, உலகெங்கும் உள்ள அந்தத் துறைக்காரர்கள் கணிசமாகப் புளூஸ்கைக்கு வந்திருப்பதால், மாறுவதில் பொருள் உண்டு. உங்களுக்கு எது வேண்டும் என்று ஒரு தாளில் இரண்டு வரி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தடுமாறும்போது கைகொடுக்கும்.

வேறு தளங்களையும் பார்த்தேன். 2023 ஜூலையில் வந்த த்ரெட்ஸ், மெட்டா நிறுவனத்தினுடையது. என் பேச்சு முழுவதையும் இன்னொரு பெருநிறுவனத்திடம் ஒப்படைக்க விருப்பமில்லை. ஜெர்மனியின் யூஜன் ரோச்கோ 2016இல் தொடங்கிய மாஸ்டடான் கொள்கையளவில் எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் அது பலர் தனித்தனியே நடத்தும் சர்வர்கள் இணைந்த தளம். அவற்றில் எந்தச் சர்வரில் சேர்வது என்ற முதல் கேள்வியிலேயே என் நண்பர்கள் பலர் திரும்பிவிட்டார்கள். கூட வருபவர்களின் கால் வலியையும் பார்க்கத்தானே வேண்டும்!

முதல் படி: காப்பகத்தைக் கேட்டு வாங்குங்கள்

புதிய கணக்கு தொடங்கும் முன்பே இதைச் செய்யுங்கள். எக்ஸில் அமைப்புகள், உங்கள் கணக்கு என்ற வரிசையில் போனால், உங்கள் தரவுகளின் காப்பகத்தை இறக்கிக்கொள்ளும் தெரிவு இருக்கும். கடவுச்சொல்லும், மின்னஞ்சலுக்கோ தொலைபேசிக்கோ வரும் குறியீடும் கேட்கும். விண்ணப்பித்த உடனே கோப்பு வராது. தயாராக ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகலாம். தயாரானதும் ஒரு ஜிப் கோப்பு கிடைக்கும். அதை விரித்தால் உங்கள் பதிவுகள், நீங்கள் ஏற்றிய படங்கள், தனிச்செய்திகள் எல்லாம் இருக்கும். தனிச்செய்திகளில் மற்றவர்கள் நம்பிச் சொன்னவையும் அடக்கம் என்பதால், அந்தக் கோப்பைப் பொது இடத்தில் வைக்காதீர்கள்.

இந்தக் காப்பகத்தில் கிடைக்காதவை இரண்டு. நீங்கள் பின்தொடரும் ஆட்களின் பெயர்கள் அதில் இருக்காது. வெறும் கணக்கு எண்களும் அவற்றுக்கான இணைப்புகளும்தான் இருக்கும். உங்கள் பதிவுகளுக்கு மற்றவர்கள் எழுதிய மறுமொழிகளும் இருக்காது. நான் முன்பு ஏமாந்தது இந்த இரண்டிலும்தான். அதனால் இம்முறை ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்கென்று ஒதுக்கினேன். நல்ல உரையாடல் நடந்த இழைகள் நாற்பதைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றையும் உலாவியில் திறந்து, மறுமொழிகள் எல்லாம் தெரியும்படி விரித்து, பி.டி.எஃப். ஆகச் சேமித்தேன். கோப்புப் பெயரில் தேதியையும் பறவையின் பெயரையும் எழுதினேன். அலுப்பான வேலைதான். இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு வேலையை மட்டும் செய்வதென்றால், இதைச் செய்யுங்கள்.

பிறகு ஒரு நோட்டுப் புத்தகத்தில் அறுபது பெயர்கள் எழுதினேன். இவர்களைத் தொலைத்தால் வருந்துவேன் என்று தோன்றியவர்கள் மட்டும். ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களைப் பின்தொடர்ந்திருந்தாலும் அந்தப் பட்டியல் அறுபதில் நின்றது.

இரண்டாம் படி: கணக்கு தொடங்குதல்

இதில் அதிகம் சொல்ல எதுவுமில்லை. 2024 பிப்ரவரி 6 வரை அழைப்புக் குறியீடு இருந்தால்தான் சேர முடியும். இப்போது யாரும் சேரலாம். பழைய பயனர்பெயரையே எடுங்கள், அதே முகப்புப் படத்தை வையுங்கள். புதுப் படம் வைக்கும் ஆசையை ஆறு மாதம் தள்ளிப்போடுங்கள், ஏனென்றால் பழைய ஆட்கள் உங்களை முகத்தைப் பார்த்துத்தான் அடையாளம் காண்பார்கள். தன்விவரத்தில் நீங்கள் யார், எதைப் பற்றி எழுதுபவர் என்று இரண்டு வரி எழுதுங்கள். ஒருவரையும் பின்தொடரும் முன்பே ஐந்தாறு பதிவுகளாவது இட்டுவிடுங்கள். வெறுமையான கணக்கு பின்தொடர்ந்தால் அது போலிக் கணக்கு என்றே பலரும் நினைப்பார்கள்.

மின்னஞ்சலை உறுதிப்படுத்தி, உள்நுழையும்போது மின்னஞ்சல் வழியாகக் குறியீடு கேட்கும் வசதியையும் இயக்கிவிடுங்கள்.

மூன்றாம் படி: உங்கள் பெயரை உங்களுடையதாக்குங்கள்

புளூஸ்கையில் எனக்கு மிகவும் பிடித்தது இந்த வசதி. சொந்தமாக ஓர் இணையதள முகவரி இருந்தால், அதையே பயனர்பெயராக வைத்துக்கொள்ளலாம். நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் தன் இணையதள முகவரியையே பெயராக வைத்திருக்கிறது. அந்த முகவரியை ஆள்பவர்தான் அந்தக் கணக்கை நடத்துகிறார் என்பதற்கு அதுவே சான்று.

அமைப்புகளில் கணக்கு என்ற பகுதிக்குள் பயனர்பெயரை மாற்றும் இடம் இருக்கிறது. சொந்த முகவரி இருக்கிறது என்று சொன்னால், இரண்டு துண்டு எழுத்துகளைக் காட்டும். முகவரியை வாங்கிய நிறுவனத்தின் பக்கத்துக்குப் போய், டி.என்.எஸ். பகுதியில் (முகவரிக்கான குறிப்புகள் இருக்கும் இடம்) டி.எக்ஸ்.டி. வகையில், அதாவது வெறும் எழுத்தாக, ஒரு புதிய வரி சேர்த்து, அந்த இரண்டையும் அப்படியே ஒட்ட வேண்டும். பிறகு புளூஸ்கைக்குத் திரும்பிச் சரிபார்க்கும் பொத்தானை அழுத்தினால் போதும். எனக்கு முதல் முறை பிழை காட்டியது. ஒட்டும்போது முன்னால் ஓர் இடைவெளி சேர்ந்துவிட்டிருந்தது. அதை நீக்கி, அரைமணி நேரம் கழித்துப் பார்த்ததும் சரியாயிற்று. பெயரை மாற்றினாலும் பின்தொடர்வோர் அப்படியே இருப்பார்கள்.

முகவரிக்கு ஆண்டுக்கு ஒருமுறை பணம் கட்ட வேண்டும். கட்ட மறந்தால் பெயர் போய்விடும். ஆனாலும் இதை நான் வலியுறுத்திச் சொல்கிறேன். புளூஸ்கை 2019இல் ட்விட்டருக்குள்ளேயே ஒரு திட்டமாக அறிவிக்கப்பட்டது; 2021இல் தனி நிறுவனமானது; பொதுநலனையும் கருத்தில் கொள்ளும் வகை நிறுவனமாகப் பதிவு செய்யப்பட்டது. ஜே கிராபர் என்பவரின் தலைமையில் வளர்ந்தது. ஆனால் அதற்கும் முதலீட்டாளர்கள் உண்டு. 2024 அக்டோபரில் ஒன்றரைக் கோடி டாலர் முதலீடு திரட்டியது. நாளை என்ன ஆகும் என்று யாரும் உறுதி தர முடியாது. இந்திய மொழிகளுக்கென்றே வந்த கூ என்ற தளம் 2020இல் தொடங்கி 2024 ஜூலையில் மூடப்பட்டது. அதில் தமிழில் எழுதியவர்களும் இருந்தார்கள். கூகுள் பிளஸ் 2011 முதல் 2019 வரைதான் இருந்தது. முகவரி உங்கள் கையில் இருந்தால், அடுத்த முறை எங்கே போனாலும் உங்களைத் தேடுபவருக்கு ஒரு நிலையான வாசல் இருக்கும்.

நான்காம் படி: ஆட்களைத் தேடிப் பிடித்தல்

இதில் இயந்திரம் பாதி வேலை செய்யும், மீதியை நாம்தான் செய்ய வேண்டும்.

முதலில் இயந்திரத்தின் பாதி. ஸ்கை ஃபாலோவர் பிரிட்ஜ் என்ற உலாவி நீட்சி, அதாவது உலாவியில் சேர்த்துக்கொள்ளும் சிறு கருவி, இருக்கிறது. கணினியில் எக்ஸைத் திறந்து, நீங்கள் பின்தொடர்வோரின் பக்கத்தில் அதை இயக்கினால், அந்தப் பெயர்களைப் புளூஸ்கையில் தேடிப் பொருத்திக் காட்டும். இப்படிப்பட்ட எந்தக் கருவிக்கும் உங்கள் முதன்மைக் கடவுச்சொல்லைத் தராதீர்கள். புளூஸ்கை அமைப்புகளில், பிற கருவிகளுக்குத் தருவதற்கென்றே தனியாகச் செயலிக் கடவுச்சொல் உருவாக்கும் வசதி இருக்கிறது. நான்கு நான்கு எழுத்தாக நான்கு கட்டங்களில் வரும் அதைக் கொடுத்து, வேலை முடிந்ததும் அழித்துவிடுங்கள். உருவாக்கும்போது தனிச்செய்திகளைப் பார்க்கும் உரிமையைத் தரலாமா என்று கேட்கும், தர வேண்டாம்.

அது காட்டும் எல்லோரையும் கண்ணை மூடிக்கொண்டு பின்தொடராதீர்கள். ஒரே பயனர்பெயர் என்றால் பெரும்பாலும் சரியாக இருக்கும். காட்சிப்பெயர் மட்டும் பொருந்தினால் ஐயப்படுங்கள். பிரபலமானவர்களின் பெயரில் யாரோ தொடங்கிய கணக்குகள் நிறைய உண்டு. எனக்குத் தெரிந்த ஒரு பேராசிரியரின் பெயரும் படமும் கொண்ட ஒரு கணக்கைப் பார்த்தேன். ஒரே ஒரு பதிவு, அதுவும் பணம் சம்பாதிக்கும் வழி பற்றியது! அவரிடமே தொலைபேசியில் கேட்டேன். அவர் புளூஸ்கைக்கு வரவே இல்லை.

இனி நாம் செய்ய வேண்டிய பாதி. நோட்டில் இருந்த அறுபது பேருக்கும் நான் தனித்தனியே எழுதினேன். ஒரே வாசகத்தை நகலெடுத்து அனுப்பவில்லை. "அக்கா, நீங்கள் போன ஆண்டு வேடந்தாங்கலில் எடுத்த நத்தைக்குத்தி நாரை படத்தைப் பற்றிப் பேசினோமே, அந்தப் பேச்சைத் தொடர எனக்கு ஆசை. நான் இனி இங்கே அதிகம் இருக்க மாட்டேன். புளூஸ்கையில் இந்தப் பெயரில் இருக்கிறேன். அங்கே வர விருப்பமில்லை என்றாலும் பரவாயில்லை, இது என் மின்னஞ்சல்" என்பது போல. இருபத்தாறு பேர் புளூஸ்கைக்கு வந்தார்கள். பதினெட்டுப் பேர் மின்னஞ்சலோ தொலைபேசி எண்ணோ தந்தார்கள். மற்றவர்களிடமிருந்து பதில் இல்லை. யாரையும் மாறும்படி வற்புறுத்தாதீர்கள். அந்தத் தளத்தில் தொழிலும் வாடிக்கையாளர்களும் உள்ளவர்களுக்கு வெளியேறுவது எளிதல்ல.

வந்தவர்கள் தனியாக நிற்காமல் பார்த்துக்கொள்ள, ஸ்டார்ட்டர் பேக் என்ற வசதி உதவும். 150 பேர் வரை சேர்த்து ஒரு தொகுப்பாக்கலாம். அந்த ஒரு இணைப்பை அனுப்பினால், புதிதாக வருபவர் எல்லோரையும் ஒரே அழுத்தில் பின்தொடர்ந்துவிடலாம். தமிழில் பறவைகளைப் பற்றி எழுதுவோர், தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் என்று குறுகிய தலைப்பில் அமைத்தால் தொகுப்பு பயன்படும். பொத்தாம்பொதுவாகத் தமிழர்கள் என்று அமைத்தால் ஒருவருக்கொருவர் பேச எதுவும் இருக்காது. சேர்க்கும் முன் அவரவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

ஐந்தாம் படி: தமிழில் எழுதுவதற்கான ஏற்பாடு

தமிழில் எழுதுபவர்களுக்கு இங்கே ஒரு பெரிய நன்மை இருக்கிறது. இதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. எக்ஸில் கட்டணம் செலுத்தாதவர்களுக்கு ஒரு பதிவின் எல்லை 280 எழுத்து. ஆனால் அங்கே மெய்யெழுத்தின் புள்ளியும், கொம்பும், காலும், சுழியும் தனியே கணக்கில் சேரும். கொக்கு என்ற சொல் நம் கண்ணுக்கு மூன்றெழுத்து, எக்ஸுக்கு ஆறு. செம்போத்து நமக்கு ஐந்து, அதற்குப் பத்து. ஆங்கிலத்தில் எழுதுபவருக்குக் கிடைக்கும் இடத்தில் பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் நமக்குக் கிடைத்துவந்தது. புளூஸ்கையின் எல்லை 300. அது கண்ணுக்குத் தெரியும் எழுத்தையே எழுத்தாக எண்ணுகிறது. கொக்கு அங்கே மூன்றுதான். முதல் நாள் ஒரு நீண்ட பத்தியை ஒட்டிப் பார்த்து, மீதி எண் நான் நினைத்த அளவு குறையாததைக் கண்டு மறுபடி மறுபடி எண்ணிப் பார்த்தேன். இத்தனை ஆண்டுகளாக "மற்றும்" என்பதை வெட்டி, வேற்றுமை உருபைச் சுருக்கி எழுதிய கைக்கு அது பெரிய விடுதலையாக இருந்தது.

பதிவு எழுதும் பெட்டியின் கீழே மொழியைக் குறிக்கும் இடம் இருக்கிறது. அதில் தமிழைத் தேர்ந்தெடுக்க மறக்காதீர்கள். மொழியை வைத்து வடிகட்டிப் படிப்பவர்களும், அப்படி வடிகட்டும் ஓடைகளும் (பதிவுகள் வரிசையாக வந்துகொண்டிருக்கும் பட்டியல்கள்) உண்டு. ஆங்கிலம் என்று குறிக்கப்பட்ட தமிழ்ப் பதிவு தமிழ் வாசகர் கண்ணில் படாமலே போகும். தேடல் பக்கத்திலும் மொழியைத் தேர்ந்தெடுக்கலாம். தமிழை வைத்து உங்களுக்குப் பிடித்த சொற்களைத் தேடுங்கள். நான் "நாரை", "ஏரி", "கூடு" என்று தேடித்தான் புதிய நண்பர்கள் பலரைக் கண்டேன்.

படம் போடும்போது படவிளக்கம் எழுதுங்கள். அமைப்புகளில் அணுகல்தன்மை என்ற பகுதியில், விளக்கம் இல்லாமல் படத்தைப் பதிவிட விடாதபடி வைத்துக்கொள்ளலாம். பார்வையற்ற வாசகர் ஒருவர், நத்தைக்குத்தி நாரை படத்துக்கு நான் எழுதிய விளக்கத்தைத் திரைவாசிப்பான் தமிழில் படிக்கக் கேட்டுவிட்டு, அந்த நாரையின் அலகு ஏன் நடுவில் மூடாமல் இருக்கிறது என்று கேட்டார். நத்தையைப் பிடிக்க என்று எழுதினேன். அன்று முதல் விளக்கம் இல்லாமல் ஒரு படமும் போட்டதில்லை.

ஆறாம் படி: ஓடைகளும் வேலிகளும்

புளூஸ்கையில் நீங்கள் பின்தொடர்பவர்களின் பதிவுகள் கால வரிசையில் வரும் ஓடை ஒன்று உண்டு. அதையே முதலில் வையுங்கள். தளம் தேர்ந்தெடுத்துக் காட்டும் ஓடையைத் தொடக்கத்தில் ஒதுக்கியே வைக்கலாம், ஆங்கிலமே நிறைந்திருக்கும். மற்றவர்கள் உருவாக்கிய தனி ஓடைகளையும் சேர்த்துக்கொள்ளலாம். நிரல் தெரியாதவர்களும் ஓடை அமைக்க ஸ்கைஃபீட் போன்ற கருவிகள் இருக்கின்றன. ஒரு ஹேஷ்டேக்கை வைத்து ஓடை அமைத்து அதைத் தமிழ்ப் பதிவுகளுக்கு மட்டும் என்று வைத்தால், சின்னக் கூட்டமும் ஒன்றையொன்று தவறவிடாது.

தொல்லை தருபவர்களை நேரடியாகத் தடை செய்யலாம். சொற்களை மறைக்கலாம், யார் மறுமொழி எழுதலாம் என்று கட்டுப்படுத்தலாம், உங்கள் பதிவை மேற்கோள் காட்டிக் கிண்டல் செய்தால் அந்த மேற்கோளிலிருந்து உங்கள் பதிவைப் பிரித்துவிடலாம். ஒன்றை மட்டும் நன்றாகப் புரிந்துகொள்ளுங்கள்: இங்கே பதிவுகள் எல்லாம் திறந்தவை. நீங்கள் யாரைத் தடை செய்தீர்கள் என்பதையும் பிறர் அறிய முடியும். 2024 நவம்பரில் பத்து லட்சம் புளூஸ்கைப் பதிவுகளை ஒருவர் திரட்டி, ஆய்வுக்கென்று பொதுவில் ஏற்றினார். எதிர்ப்பு எழுந்ததும் நீக்கினார். ஆனால் திரட்டுவது எவ்வளவு எளிது என்பது தெரிந்துவிட்டது. குழந்தைகளின் படம், வீடு இருக்கும் தெரு, அரிய பறவை கூடு கட்டிய துல்லியமான இடம் இவற்றை எழுதாதீர்கள்.

ஏழாம் படி: பழைய பதிவுகளை என்ன செய்வது

காப்பகத்தை வைத்துப் பழைய பதிவுகளை அவற்றின் பழைய தேதியோடு புளூஸ்கைக்குக் கொண்டுவரும் கருவிகள் இருக்கின்றன. அப்படி வந்தவற்றில், வேறிடத்திலிருந்து சேமிக்கப்பட்டவை என்ற குறிப்பைத் தளமே காட்டும். நான் அதைச் செய்யவில்லை. மறுமொழிகள் இல்லாமல் பதிவு மட்டும் வந்தால், ஒருவர் தனக்குத்தானே பேசியதுபோல இருக்கிறது. மாறாக, இருபது இழைகளை மட்டும் எடுத்து, மறுமொழிகளில் கற்றதையும் சேர்த்துப் புதிதாக எழுதினேன். திருத்தம் சொன்னவரின் அனுமதி பெற்று அவர் பெயரையும் போட்டேன். வாரம் ஒன்று என்று ஐந்து மாதம் ஓடியது.

எட்டாம் படி: பழைய கணக்கு

உடனே அழிக்காதீர்கள். எக்ஸில் கணக்கை முடக்கினால் 30 நாள் அவகாசம். அதற்குள் திரும்பாவிட்டால் அழிந்துவிடும். பிறகு உங்கள் பெயரை வேறொருவர் எடுத்துக்கொள்ளவும் கூடும். நான் முதல் மாதம் இரண்டு இடத்திலும் எழுதினேன். இரண்டாம் மாதம் புதியதைப் புளூஸ்கையில் எழுதி, எக்ஸில் ஒரு வரியில் அதைப் பற்றிச் சொன்னேன். மூன்றாம் மாதம் எக்ஸில் மறுமொழிகளுக்கு மட்டும் பதில் எழுதினேன். பிறகு புதிய முகவரியைச் சொல்லும் ஒரு பதிவை முகப்பில் நிலைநிறுத்திவிட்டு நிறுத்திக்கொண்டேன். 2022 டிசம்பர் 18 அன்று பிற சமூகத் தளங்களுக்கான இணைப்புகளை ட்விட்டர் தடை செய்து, மறுநாளே அந்த விதியை விலக்கிக்கொண்டது. அப்படி மீண்டும் நேரலாம் என்பதால், நிலைநிறுத்திய பதிவில் இணைப்பை மட்டும் நம்பாமல், என் சொந்த இணையதளத்தின் பெயரையும் மின்னஞ்சலையும் ஒரு படத்திலும் எழுதி வைத்திருக்கிறேன்.

மாதம் ஒருமுறை, முதல் ஞாயிறு காலையில், பழைய கணக்கில் உள்நுழைந்து தனிச்செய்திகளை மட்டும் பார்க்கிறேன். போன மாதம் ஒருவர், ஏரிக்கரையில் எடுத்த மங்கலான படம் ஒன்றை அனுப்பி, இது என்ன பறவை ஐயா என்று கேட்டிருந்தார். பெயரைச் சொல்லிவிட்டு, உங்கள் ஊரில் இதை எப்படி அழைப்பீர்கள் என்று கேட்டேன். கூடவே அவருடைய மின்னஞ்சலையும் கேட்டு வாங்கிக்கொண்டேன்.